வண்டி திரும்ப இடம்

“பெரிசுதான் வேணும்” என்றாள், நின்ற இடத்திலேயே. கடைக்குள் வந்து இன்னும் உட்காரக்கூட இல்லை.

விற்பனையாளர் அவள் புருஷனைப் பார்த்தார். புருஷன் கடையின் மறுகோடியைப் பார்த்துவிட்டு, “இன்னொரு நாள் வரலாமே” என்று இழுத்தான்.

“நீங்க சொல்ற இன்னொரு நாள் வர்றதுக்குள்ள மழை பெஞ்சு, ஈரமும் காஞ்சு போயிடும். உட்காருங்க.”

அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மறுகோடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அங்கே இன்னொரு புருஷன் பெண்சாதி இன்னொரு விற்பனையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் இரண்டு டிராக்டர்கள் நின்றன. சின்னதன் பின்சக்கரம் அவள் இடுப்புக்கு வந்தது. பெரியதன் சக்கரம் நெஞ்சுக்கு.

“நிலம் எப்படிம்மா? அகலமா, நீளமா?”

“கோவணத்துணி மாதிரி” என்றான் புருஷன். “நீளம்தான் இருக்கு.”

“அப்போ சின்னதுதான் சரி. பெரிசு கலப்பையோட திரும்ப நிறைய இடம் கேட்கும். அந்த அகலத்துல ஒடிச்சீங்கன்னா மூக்கு வரப்புல ஏறிடும்.”

“கேட்டியா? விக்கிறவரே வேண்டாங்கிறார்.”

“கேட்டேன். எங்க மண்ணுல சின்னது என்ன பண்ணும்னும் அவரையே கேளுங்க.” அவள் விற்பனையாளர் பக்கம் திரும்பினாள். “களிமண்ணுங்க. இத்தனை வருஷமா வாடகைக்குச் சின்ன வண்டி வச்சு மேலாகவே பிராண்டிக்கிட்டு இருந்தோம். அடியில மண்ணு பலகை மாதிரி இறுகிப்போச்சு. வேரும் இறங்கல, தண்ணியும் இறங்கல. ரெண்டு போகம் மஞ்சளாகி, நின்ன இடத்துலயே செத்துச்சு. நானே கடப்பாரை போட்டுப் பார்த்தேன். ணங்குன்னு கைக்குத் திரும்பி வருது. அதைச் சின்னது உடைக்குமா?”

விற்பனையாளர் தாடையைத் தேய்த்துக்கொண்டார். “உடைக்காது.”

“இந்தப் போகமும் போச்சுன்னா நிலத்தை வித்துட்டுக் கட்டட வேலைக்குப் போறேங்கிறார். நான் விக்க விடறதா இல்ல.”

குரலை உயர்த்தவில்லை. உப்பு குறைகிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

“பெரிசு வந்தா மட்டும் விளைஞ்சு கொட்டிடுமா?” என்றான் அவன். “முன்னால போய்ப் பின்னால வந்து, முன்னால போய்ப் பின்னால வந்து, உழுத மண்ணைச் சக்கரமே மிதிச்சுத் தீர்த்துடும். விட்டுப்போன மூலையெல்லாம் மண்வெட்டியால நீதான் கொத்தணும்.”

“இப்ப மட்டும் யாரு கொத்துறா?”



விற்பனையாளருக்குச் சங்கடமாகிவிட்டது. “ஒரு பக்கமாவது இடம் கிடைச்சா பெரிசையே ஓட்டலாம் சார். நிலத்துக்கு இந்தப் பக்கம் என்ன?”

“வாய்க்கால்.”

“அந்தப் பக்கம்?”

“வரப்பு.”

“வரப்பைத் தாண்டி?”

“அடுத்தவன் நிலம்.”

“திரும்புற நேரத்துக்கு மட்டும் அவர்கிட்ட ஒரு வார்த்தை...”

“அவன்கிட்டப் போய் நான் நிக்கமாட்டேன். வேற பேச்சு இருந்தா பேசுங்க.” அவள் பெரிய டிராக்டரிடம் போய், குனிந்து, பின்னால் கலப்பை மாட்டுகிற இடத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. திருப்தியாகக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மறுகோடியில் பெண்குரல் வெடித்தது. “பெரிசு இல்லேன்னா ஒண்ணுமே வேண்டாம். நடங்க வீட்டுக்கு!”

“பெரிசை எங்கடி திருப்புறது? உங்கப்பன் வீட்டு வாசல்லயா?”

விற்பனையாளர் சிரித்துவிட்டார். “என்ன சார், இன்னிக்கு எல்லா வீட்டுலயும் இதே சண்டைதானா?”

புருஷன் சிரிக்கவில்லை. எழுந்து மனைவி பக்கம் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். “கிளம்பு. முதல்ல இந்த இடத்தை விட்டுக் கிளம்பு.”

“வண்டியைச் சொல்லிட்டுக் கிளம்பலாம்.”

“சின்னதைச் சொல்லு.”

“அதுக்குப் பதில் நிலத்தை இன்னிக்கே வித்துடுங்க. இன்னொரு போகம் சாகறதை என்னால நின்னு பார்க்க முடியாது.”

அவன் அவளைப் பார்த்தான். கடப்பாரை பிடித்துக் காய்த்த கையைப் பார்த்தான்.

“சரி, வாங்கித் தொலை. வரப்புல முட்டிக்கிட்டு நிக்கிறப்ப ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அப்ப என்கிட்ட வந்து அழாதே.”

“அழமாட்டேன். பெரிசுன்னு உங்க வாயால இவர்கிட்டச் சொல்லுங்க.”

“பெரிசு சார். பெரிசையே குடுங்க.”

அவள் மறுகோடியைப் பார்த்து முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள். “அக்கா! இங்க ஒத்துக்கிட்டாச்சு. அங்க?”

“இப்பத்தான் தலையாட்டினார்!” என்று அந்தப் பெண் தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு ஆண்களும் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விற்பனையாளர் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ... ரெண்டு பெரிசாம்மா?”

“ஒண்ணே ஒண்ணு” என்றாள் அவள். “ரெண்டு நிலத்துக்கும் சேர்த்து.”

பிறகு அந்த இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்: “எங்க வேலை முடிஞ்சுது. நடுவுல இருக்கற வரப்பை எந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டறதுன்னு இனி அண்ணனும் தம்பியும் பேசிக்குங்க.”