போதும் என்ற பூனை

“கொஞ்ச நேரம் ஒரு இடத்துல உக்காரேன்!”

கவிஞர் பேனாவை மேஜைமேல் போட்டார். காலையிலிருந்து மனைவி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் பத்திரிகைக்குக் கவிதை போயாக வேண்டும். கடைசி வரி வந்தபாடில்லை.

“பூனை நேத்துலேர்ந்து எதையும் தொடலைங்க.”

“வேணும்னா தின்னும். மனுஷங்க மாதிரியா அது? பாரு, ஜன்னல்ல எப்படி உக்காந்திருக்கு! எதிர்ல குருவி வந்தாக்கூடத் திரும்பல. ஆசையே இல்ல. அதைத்தான் எழுதிட்டிருக்கேன். நீயும் கொஞ்சம் கத்துக்க.”

“குருவியைப் பார்க்காததெல்லாம் ஒரு பூனையா?”

பரண்மேல் கிடந்த கூடையை இறக்கினாள். “கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்.”

“இப்பவா? ரெண்டு வரி எழுத விடுறியா?”

“வண்டியில எழுதுங்க.”

அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தாள்.

கால்நடை மருத்துவமனையில் இரண்டு நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக் குரைத்துத் தீர்த்துக்கொண்டிருந்தன. ஒரு கிளி யாரையோ விடாமல் திட்டியது. இவர்கள் கூடையில் மட்டும் சத்தமே இல்லை.

“பாத்தியா, நம்மாளுக்கு எவ்வளவு பொறுமை!” என்றார் கவிஞர். முழங்காலில் காகிதத்தை வைத்து ஒரு சொல்லை அடித்தார், மறுபடி அதையே எழுதினார்.

மருத்துவர் சின்னப் பெண். பூனையின் அடிவயிற்றைத் தொட்டதுமே அவள் முகம் மாறிவிட்டது.

“மூத்திரம் அடைச்சிருக்கு. சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா, கைமீறிப் போயிருக்கும்.”

பூனையை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கவிஞரால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனார், வந்தார். பன்னிரண்டு அடித்தது. அவர் காதில் விழவில்லை.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. உள்ளிருந்து ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு கத்தல்.

“பிழைச்சுட்டான்” என்றாள் மருத்துவர். “இப்பதான் கத்தவே தெம்பு வந்திருக்கு.”

“ஆனா டாக்டர்… நேத்து முழுக்க ஒரு சத்தம்கூடப் போடலையே. அவ்வளவு நிம்மதியா இருந்துச்சே!”

“வலி முத்திப்போனா பூனை கத்தாது சார். அப்படியே குறுகி உக்காந்துடும். பார்க்கிறவங்களுக்கு அது நிம்மதி மாதிரி தெரியும்.”

கவிஞர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

மருத்துவர், கவிஞரின் மனைவி பக்கம் திரும்பினாள். “நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

அவள் கூடைக்குள் துண்டை மெத்தையாக விரித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வருஷம் முன்னாடி எனக்குக் கல்லடைப்பு வந்துச்சு. வாயே திறக்காம மூணு நாள் இப்படித்தான் சுருண்டு கெடந்தேன். இவர் பக்கத்துலயே உக்காந்து, ‘எதுவும் கேட்காதவள்’னு என்னைப் பத்தி ஒரு கவிதை எழுதினார். அதுக்குப் பரிசுகூடக் கிடைச்சுது டாக்டர்.”