இளைப்புக்குக் காரணம்

“டாக்டர் வாயாலயே சொல்லிட்டாரு மாமா. வீட்ல பூஞ்சை, அதனாலதான் ஒமக்கு இந்த இளைப்பு, அதைப் போக்குனாத்தான் சரியாகும்னு.”

வன்னியம்பட்டியில் மாமனார் வீட்டு வாசலில் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிவனாண்டி மூச்சு வாங்கினான். அவனுக்குப் பின்னால் தும்மிக்கொண்டே நின்றாள் மனைவி அழகுத்தாய். காற்றடித்தால் விழுந்துவிடும் உடம்பு.

மாமனார் தவசிமுத்துவுக்கு முகம் சிவந்தது. “எம் மக பூஞ்சை உடம்புதான். அதைப் போக்கணும்னா சோறு போடணும் மாப்ள, பஸ்ஸு ஏத்தக் கூடாது.”

“இது ஒட்டுவாரொட்டி மாமா. எனக்குத் தெரியாததா?”

அவனுக்குத் தெரியாதது எது? ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். படிப்பு எட்டாவதோடு நின்றாலும், பேண்டேஜ் தொட்ட கையாயிற்றே, தான் பாதி டாக்டர் என்றே நினைப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் முழு டாக்டரைப் பார்க்க அழகுத்தாயும் கூடத்தான் போயிருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் சயின்ஸில் எண்பது மார்க் வாங்கியவள், அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே அழவும் இல்லை.

“ஏட்டி, நீயாவது எதாச்சும் சொல்லேன்.”

“அவிய சொன்னா சரியாத்தாம்ப்பா இருக்கும்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஐப்பசி முழுக்க அடைமழை. தனியாக இருந்த சிவனாண்டிக்கு இளைப்பு குறைவதற்குப் பதில் கூடியது. படுத்தால் நெஞ்சு விசிலடித்தது. செத்துப்போவோமோ என்ற பயத்தில் மறுபடி டாக்டரிடம் ஓடினான்.

“வீட்ல பூஞ்சைன்னிய. அவளை அனுப்பி ஒரு மாசமாச்சு, இன்னும் மூச்சு முட்டுதே சார்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “யாரைய்யா அனுப்புன? ஓதம் ஏறுன சுவர்ல கறுப்பாப் படருமே பூசணம், அதைத்தான்யா பூஞ்சைன்னேன்.”

கட்டிலை ஒட்டி ஆள் உயரத்துக்குக் கறுத்துக் கிடந்த சுவர் சிவனாண்டிக்கு நினைவுக்கு வந்தது. அவமானம் பிடுங்கித் தின்ன, அடுத்த பஸ்ஸில் வன்னியம்பட்டிக்கு வந்து இறங்கினான்.

அழகுத்தாய்க்குத் தும்மல் நின்றிருந்தது. உடம்புகூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள்.

“டாக்டர் செவுத்தத்தான் சொல்லிருக்காரு. நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன். பெட்டிய எடு, போவோம்.”

அவள் நகரவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எனக்கு அன்னைக்கே வெளங்கிருச்சு.”