முன்வரிசைக்குத் தெரியாத முகம்

மலைக்கோட்டை அடிவாரத்து வாரப் பத்திரிகை அலுவலகத்துக்குள் நாடகக் கம்பெனி முதலாளி பிச்சமுத்து, கதாநாயகி இருசம்மாளோடு கொதித்தபடி நுழைந்தார்.

“யார் பாய் இந்த விமரிசனத்தை எழுதினவன்? நாடகத்துல அடிச்ச புருஷன் காலில இவ விழுறப்ப, முகத்துல பாசமே இல்லையாம், வெறுப்புதான் இருந்துச்சாம்!”

“பேரைச் சொல்ல மாட்டேன்” என்றார் ஆசிரியர் மீரான்.

“அத்தனையும் புளுகு! குனிஞ்சா கூந்தல் முகத்தை மூடிடும். முன்வரிசைக்கே தெரியாது. அவன் எப்படிப் பார்த்தான்? நீயே கேளும்மா!”

இருசம்மாள் நிமிர்ந்தாள்.

“யாரும் பார்க்கலைங்க முதலாளி. நான்தான் எழுதினேன். நாளைக்கு உறையூர் மேடையில அந்தக் காலில விழவும் மாட்டேன்.”

பிச்சமுத்து அவள் பக்கம் திரும்பினார்.

“வேற கதாநாயகியைப் போட்டுக்குவேன்!”

“போடுங்க. டிக்கெட் வாங்கி வந்து, அதுக்கும் விமரிசனம் எழுதுறேன்.”