நத்தையின் தீர்மானம்

மழை விட்டிருந்தது. வெயில் வருவதற்குள் மதில் உச்சிக்கு ஏறி, அங்கே படர்ந்திருந்த பசலைத் தளிரைத் தின்றுவிடுவது என்று ஓர் இளம் நத்தை தீர்மானித்தாள். தீர்மானித்தால் போதுமா, எழுதி வைக்க வேண்டாமா? சுவரின் அடியில் பிள்ளையார் சுழி போட்டு, ஊர்ந்து ஊர்ந்து வெள்ளிக் கோட்டால் எழுதினாள்: ‘இன்று உச்சிக்குப் போவேன்.’ எழுத்து கோணலாகத் தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொரு தடவை எழுதினாள்.

அதற்குள் சுவரில் வெயில் விழத் தொடங்கிவிட்டது. தோழி பல்லி எட்டிப் பார்த்தாள்.

“ஏன்டி, இதை எழுத ஊர்ந்த தூரத்துக்கு நேரா மேலே ஏறியிருந்தா, இந்நேரம் தின்னு முடிச்சிருப்பியே!”

நத்தை அப்படியே நெகிழ்ந்துபோனாள்.

“எவ்வளவு அழகா சொல்லிட்டே! மறந்துடக் கூடாதுடி.”

மறுபடி சுவரின் அடிக்கு இறங்கி, புதிதாக ஒரு பிள்ளையார் சுழி போட்டாள்.