ஆறாம் லயத்துப் பீலி

பத்து நாளாகத் தேயிலைத் தோட்டத்து ஆறாம் லயத்து வீடுகளுக்கு மலை ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலி நூலாகத்தான் ஒழுகியது. அந்த லயத்து வேலாயி நச்சரித்ததால், தொழிலாளர் சங்கத்தின் புதுத் தலைவர் மாசிலாமணி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்.

முதல் கூட்டம். தன் கருத்தைச் சொல்லாமல் ஒவ்வொருவராகக் கேட்டார்.

"மழை கொறைஞ்சிருச்சுங்க," என்றார் அழகுமுத்து.

"குழாய்ல சருகு அடைச்சிருக்கும்," என்றாள் லெட்சுமி.

"யார் மேலயும் பழி போடாமப் பேசுங்க. வேற யாருக்காச்சும் ஏதாவது தோணுதா?" என்றார் மாசிலாமணி.

சண்டையே வரவில்லை. மறுநாள் வேலை விட்டதும் எல்லோரும் ஊற்றுவரை போய்ப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

கூட்டம் நடத்தத் தனக்கும் வரும் என்ற தெம்போடு மாசிலாமணி நேரே மலையேறினார். ஊற்றுத் தண்ணீரைத் தன் காய்கறித் தோட்டத்துப் போஞ்சிப் பாத்திக்குத் திருப்பிவிட்டிருந்த மூங்கிலை, மற்றவர்கள் பார்க்குமுன் எடுத்துவிட வேண்டும்.

குறுக்கு வழியாக வந்து, மூங்கிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் வேலாயி.

"ஒரு வாரமா லயத்துக்கே தெரியுங்க தலைவரே. நீங்களா சொல்லிருவீங்கன்னுதான் கூட்டம் போடச் சொன்னோம். ஒங்களுக்கு நேரம் கெடைக்கட்டும்னு மழை, சருகுன்னு ஆளாளுக்கு இழுத்துக்கிட்டே இருந்தோம். நீங்க கடைசி வரைக்கும் எங்களையே கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

மூங்கிலைத் தொட மாசிலாமணிக்குக் கை வரவில்லை.