விளிம்பில் ஒரு வெடிப்பு

அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

அவள் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல காசு கைக்கு வந்தால் அந்த உதடு ஏதோ பாட்டை முணுமுணுக்கும். போலி வந்தால் இறுக மூடிக்கொள்ளும். முப்பத்தோரு வருஷமாக அவளுக்குப் பழகிய உதடு.

இப்போது அது சற்றே திறந்திருந்தது.

இது பூவாத்தாளுக்குப் புதிது.

கரூரில் ஒரு கல்யாண மண்டபம். நாணயக் கண்காட்சி. கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டியில் அவள் கணவர் நாச்சிமுத்துவின் சேரர் காசு. ஒரு பக்கம் வில்லும் அம்பும். மறுபக்கம் யானை. யானையின் தலைக்குமேல் மூன்று எழுத்து. எழுத்தோடு கிடைத்தது இது ஒன்றுதான் என்று அவர் எழுதிய புத்தகம்தான் அவரைப் பெரிய ஆளாக்கியது. கல்லூரிக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டு போவார்கள். இன்று நான்கு மணிக்குப் பொன்னாடை போர்த்தப் போவதும் அதற்காகத்தான்.

மூன்றரைக்குக் கலாமணி வந்தாள். வெள்ளகோவிலில் தையல் கடை வைத்திருப்பவள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை மேசைமேல் வைத்தாள்.

"எங்கப்பா வெச்சிருந்ததுங்கய்யா. உங்க புத்தகத்துல படத்தப் பாத்துட்டுத்தான் வாங்குனாரு. உங்ககிட்டக் காட்டோணும் காட்டோணும்னே இருந்தாருங்க. போன மாசம் தவறிட்டாரு."

அதே யானை.

அதே மூன்று எழுத்து.

வலது விளிம்பில், நகக்கண் அளவுக்கு, அதே வெடிப்பு.

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாச்சிமுத்து பெட்டியைத் திறந்து தன் காசை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். லென்ஸைக் கண்ணில் வைத்தவர்தான், இன்னும் எடுக்கவில்லை.

பூவாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் கேட்ட கதைதானே. ஒரே அச்சில் நூறு காசு அடிக்கலாம். நூறிலும் ஒரே யானை நிற்கும். ஆனால் சம்மட்டி அடியில் விளிம்பு வெடிப்பது காசுக்குக் காசு வேறு. இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வெடிப்பு இருந்தால், அதில் ஒன்றாவது அடித்த காசு அல்ல. வேறொரு காசைப் பதித்து வார்ப்பு எடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றியது.

பாவம் அந்தப் பிள்ளை, என்று நினைத்தாள்.

"அம்மிணி, ஊசி இருக்குதுங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

தையல்காரி. பையிலேயே இருந்தது.

கலாமணியின் காசில், வெடிப்பின்மேல் ஊசிமுனையை வைத்து மெல்ல அழுத்தினார். இறங்கவில்லை. நிஜ வெடிப்பானால் ஊசி உள்ளே போகும்; இது வெடிப்பைப் போல ஒரு பள்ளம். அவ்வளவுதான்.

அதைக் கீழே வைத்தார்.

தன் காசை எடுத்தார்.

பூவாத்தாள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஊசி அதிலும் இறங்கவில்லை.

தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"எழுத்தப் பாத்ததும் எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "இருபத்தாறு வருஷம். ஓரத்தப் பாக்கவே இல்ல."

கலாமணி கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "அப்ப எங்கப்பா ஏமாந்துட்டாருங்களாய்யா?"

"இல்லீங்க அம்மிணி. ஏமாந்தது நான். அவரு என்னைய நம்புனாருங்க. அவ்வளவுதான்."

நாணயச் சங்கச் செயலாளர் அருணகிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் பொன்னாடை. குனிந்து அவர் காதோடு பேசியது பூவாத்தாளுக்கும் கேட்டது.

"அண்ணா, இன்னைக்கு ஒரு நாளு விட்டுருங்களேன். நாளைக்குச் சொல்லிக்கலாமுங்க."

"நாளைக்கு வர்றவங்களுக்கு நாளைக்குச் சொல்றேன் அருணகிரி. இன்னைக்கு வந்தவங்களுக்கு?"

பெட்டிக்குள் இருந்த அட்டையை எடுத்தார். 'இதுவரை கிடைத்த ஒரே காசு' என்ற வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். அதன் கீழே எழுதினார். கொஞ்சம் மெதுவாகத்தான்.

இரண்டும் வார்ப்பு. அசல் என்று புத்தகம் எழுதியவர் நாச்சிமுத்து. உண்மை தெரியக் காரணமானவர்...

நிமிர்ந்தார். "அப்பா பேரு என்னங்க அம்மிணி?"

"பொங்கியண்ணனுங்க."

எழுதினார். பிறகு கேட்டார். "உங்க காசையும் கொஞ்ச நேரம் உள்ள வெச்சுக்கட்டுங்களா? ரெண்டையும் ஒண்ணாப் பாத்தாத்தான் வர்றவங்களுக்குப் புரியும்."

கலாமணி தலையாட்டினாள். அப்பா பெயர் அச்சில் வந்ததைப் பார்ப்பதுபோல அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருணகிரி பொன்னாடையை மடிப்பதா விரிப்பதா என்று தெரியாமல் நின்றார். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து அடுத்த மேசைக்குப் போனது. யாரோ செல்போனில் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டார்.

நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திடீரென்று வயசானவர்போல் இருந்தார்.

பூவாத்தாள் கையை நீட்டினாள்.

"அதக் குடுங்க. நானும் பாக்கறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் லென்ஸைக் கேட்டதில்லை. அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து, அதை அவள் கண்ணருகே பிடித்து, வெளிச்சம் விழும்படி அவள் முகத்தை லேசாகத் திருப்பிவிட்டார்.

வெகுநேரம் பார்த்தாள்.

"யானை அழகாத்தானுங்க இருக்குது," என்றாள்.

அவரும் குனிந்தார்.