பின் சக்கரத்து எண்ணெய்

மனைவி இன்னொருவனோடு தலை முட்டக் குனிந்து கிசுகிசுத்துக்கொண்டிருப்பதை, டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று அவன் பார்த்துவிட்டான்.

இன்னொருவன் என்றால் அவளுடைய சொந்த அண்ணன்தான். ஆனால் இன்னும் சற்று நேரத்தில் ரிமோட் கார் ஃபைனலில் எதிரி. அந்த எதிரியின் குட்டிக் காரை மடியில் கவிழ்த்து, பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் பல்சக்கரப் பெட்டியில் தேன் மாதிரிக் கெட்டியான எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தாள் அவள்.

"ஸ்டீயரிங் எவ்வளவு விடறாரு உன் வீட்டுக்காரர்?"

"முழுசாண்ணா. சக்கரம் கடைசி வரைக்கும் திரும்பணும்பாரு."

பின்னால் கெட்டி எண்ணெய், முன்னால் முழு ஸ்டீயரிங். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்காக, மண்டையைக் குடைந்து அவன் கண்டுபிடித்த ரகசிய செட்டிங் அது! அதற்கு இன்றுதான் முதல் ஓட்டம். அவனைத் தவிர அது தெரிந்த ஒரே ஜீவன், காலையில் தனியாக உட்கார்ந்து அவன் வண்டியைப் பாகம் பாகமாகப் பூட்டித் தந்த மனைவி.

பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டி ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் ஏறினான். ரிமோட்டை அழுத்தினான். வண்டி சொன்ன இடத்தில் திரும்பியது, சொன்ன வேகத்தில் போனது. வீட்டில் யாரும் அவன் பேச்சை இப்படிக் கேட்டதில்லை.

மச்சானின் வண்டியோ வளைவுக்கு வளைவு பம்பரமாய்ச் சுழன்று, மல்லாந்து, கடைசியாக வந்து சேர்ந்தது. மச்சான் தங்கையை முறைத்துவிட்டுப் போனார்.

ஜெயித்த கப்பைத் தூக்கிப் பார்க்கக்கூட அவனுக்கு மனசில்லை.

"உங்கண்ணனுக்கு என் செட்டிங்கைக் குடுத்தியா?"

அவள் தலை குனிந்தாள். "ரொம்பக் கெஞ்சினாருங்க. கூடப் பிறந்தவராச்சே."

"கப் போனாப் போகுது. உன்னைப் போய் நம்பினேன் பாரு!" கப்பை ஓரமாகத் தள்ளினான். "இனிமே என் வண்டி மேல உன் கை படக் கூடாது. நானே பூட்டிக்கறேன்."

"ஐயையோ, அது மட்டும் வேணாங்க!"

"ஏன் வேணாம்? அதே செட்டிங்கை வச்சு உங்கண்ணன் கிழிச்சதைத்தான் பார்த்தேனே. செட்டிங் இருந்தாப் போதுமா? ஓட்டறதுக்குக் கை வேணும்டி, கை!"

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி அவள் மெதுவாகச் சொன்னாள்:

"உங்க வண்டியில நான் அந்த செட்டிங்கைப் போடவே இல்லீங்க."